காற்றுக்காரர் நாஸ்கே

பானட்டைத் தூக்கியதும் லின்ட்ஸே நாஸ்கே எதையும் தொடமாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். எண்ணெய் கருகிய வாடையா, ஒயர் உருகிய வாடையா, எலி மூத்திரமா என்று மூக்கு சொல்லிவிடும். எங்கள் ஊர் வில்கரூவில் எலி பெருகிய வருஷம் பாதி வண்டிகளின் ஒயரை அவை தின்று தீர்த்தன. அதிலிருந்து வந்த பழக்கம். மோந்து முடித்து நிமிர்ந்து, வண்டிக்காரரைப் பார்த்து, "எந்தப் பாவி வேலைய்யா இது?" என்பார். பல தடவை அந்தப் பாவி அவரேதான். போன வருஷம் நீங்கள் முறுக்கிய ஒயர்தான் இது என்று எடுத்துச் சொன்னால், "அன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவர் ஷெட்டுக்கும் என் ரோட்ஹவுஸுக்கும் நடுவில் ஒரு தகரவேலி. நான் இந்தப் பக்கம் டீசல் அடிக்கிறேன், மாவுக்குள் இறைச்சி வைத்து ‘பை’ சுடுகிறேன், ஊருக்கு வரும் தபாலைப் பிரிக்கிறேன். அவர் அந்தப் பக்கம் வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கிறார். இங்கே அவரை விட்டால் அடுத்த ஆள் தெற்கே அரைநாள் ஓட்டத்தில். அதனால் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் பையைத் தின்றுகொண்டே, மேல்மாவு ஈரம் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்.

மின்வேலை என்று பலகை சொன்னாலும் அவர் பெயர் பெற்றது காற்றில்தான். எங்கள் ஊருக்கு மேற்கே மணல்மேடு தொடங்குகிறது. மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைப் பாதியாகக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் வண்டி வயிறுவரை புதையும். திரும்பித் தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கிழியும். காற்றை இறக்க ஒரு குச்சி போதும். ஏற்றுவதற்குத்தான் நாஸ்கே. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தால், அதன் பானட்டுக்குள் அவர் மாட்டிய கம்ப்ரசர் ஒன்று இருக்கும்.

மாட்டுவதற்கு இடம் தேடுவதே ஒரு கூத்து. எஞ்சினை நன்றாகச் சூடேற விட்டு, உள்ளங்கையை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்ப்பார். கை தாங்கினால் மெஷினும் தாங்கும் என்பது அவர் கணக்கு. போன கோடையில் அடிலெய்டிலிருந்து வந்த ஒருவர், புகைக்குழாய்க்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, இங்கேயே வைத்துவிடலாமே என்றார். நாஸ்கே அவரை மேலும் கீழும் பார்த்தார். "வைக்கலாமே. முட்டை பொரிச்சுச் சாப்பிடலாம். காத்து மட்டும் வராது" என்றார். அந்த மனிதர் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் என்னிடம் வந்து காபி கேட்டார்.

இடம் அமைந்ததும் இரும்புப் பட்டையை அறுத்து, வளைத்து, அந்த வண்டிக்கென்றே ஒரு தாங்கி செய்வார். பாட்டரியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒயர் நேராக வரும். ஃப்யூஸ், பாட்டரிக்குப் பக்கத்திலேயே, குருடனும் தடவிக் கண்டுபிடிக்கிற இடத்தில் இருக்கும். மெஷின் காற்றை இழுக்கிற வாயை ஒரு குழாய் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோவார், தூசி போகாமலிருக்க. குழாய்கள் சேருகிற பூட்டுகளுக்கு வெள்ளை நாடா சுற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நாடா நைந்து வால்வுக்குள் போய் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி, பசையைத்தான் தடவுவார். எல்லாம் முடிந்தபின் சவரத் தூரிகையால் சோப்பு நுரையை ஒவ்வொரு பூட்டிலும் தடவி, குமிழி வருகிறதா என்று மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் தொலைந்தார்கள்.

இந்த கம்ப்ரசர்கள் வருவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவேண்டும். அப்போது ஊரில் ஒரே ஒரு காற்று மெஷின்தான் இருந்தது, நாஸ்கேயின் பழைய லாரியில், எஞ்சின் பெல்ட்டில் ஓடுவது. மணல் முடிந்து தார் தொடங்குகிற இடத்தில், மாடு தாண்டாதபடி சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருக்கும். கிரிட் என்போம். மணலிலிருந்து கூட்டமாக வெளியே வருகிற வண்டிகள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். நாஸ்கே குழாயை இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போவார். யாராவது சுள்ளி பொறுக்கித் தீ மூட்டித் தகரக் குவளையில் டீ போடுவார்கள். கடைசி வண்டியின் கடைசி டயருக்குக் காற்று ஏறும்வரை ஒருவரும் கிளம்பமாட்டார்கள். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கிளம்பினால் காறித் துப்புவார்கள், அவ்வளவுதான்.

அதை எல்லோரும் சபித்துக்கொண்டேதான் செய்தோம். அரைநாள் போச்சு, ஆட்டுக்குத் தண்ணி காட்டணும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆயிரம் முணுமுணுப்பு. ஆகவே சின்ன மின்சாரக் கம்ப்ரசர்கள் வந்ததும் ஊரே நாஸ்கேயிடம் ஓடியது. ஒன்றன்பின் ஒன்றாக அத்தனை வண்டிக்கும் மாட்டினார். "ஊருக்கே விடுதலை குடுத்தவன் நான்" என்று பப்பில் உட்கார்ந்து பெருமை அடித்துக்கொள்வார். யாரும் மறுக்கவில்லை. கிரிட்டில் தீ மூட்டின இடத்தில் புல் முளைத்தது. அவரவர் வந்தார்கள், அவரவர் குழாயை எடுத்தார்கள், அவரவர் போனார்கள்.

கடைசிவரை வேண்டாமென்று நின்றவர் கெல்வின் டில்புரூக். மணலுக்கு அப்பால் இருக்கிற பண்ணைகளுக்கு வியாழக்கிழமைதோறும் தபால் கொண்டுபோகிறவர். நாஸ்கேயும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். கெல்வின் அவசரம் என்பதே அறியாத மனிதர். "எனக்கெதுக்குடா அது, நீதான் இருக்கியே" என்று தட்டிக்கழிப்பார். நாஸ்கே விடவில்லை. கெல்வினின் பிறந்தநாளுக்கு, இருப்பதிலேயே பெரிய கம்ப்ரசரை, இரண்டு மோட்டார் வைத்தது, தன் செலவில் வாங்கி மாட்டிவிட்டார். கெல்வினின் மனைவி வெர்னா கேக் செய்து நாஸ்கேயின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

போன குளிர்காலத்தில் நாஸ்கே ஒரு பண்ணையில் ஆழ்குழாய் மோட்டாரைப் பழுது பார்க்கப் போயிருந்தார். அன்று வியாழன். திரும்பும்போது கெல்வினும் அவரும் முன்னும் பின்னுமாக மணலைத் தாண்டி கிரிட்டுக்கு வந்தார்கள். இருவரும் இறங்கினார்கள், இருவரிடமும் கம்ப்ரசர். நாஸ்கேயுடையது இலகு வண்டி, சீக்கிரம் முடிந்துவிட்டது. கெல்வின் இரண்டாவது டயரில் இருந்தார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்ததாம், குளிர் என்று நாஸ்கே நினைத்தாராம். "நான் முன்னால போறேன், பப்புல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதில் யாரும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம்.

பப்பில் கெல்வினுக்கும் சேர்த்து ஒரு பீர் வாங்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது நுரை அடங்கிச் சூடானது. வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தார். வெர்னாவோ, கணவர் பப்பில் நாஸ்கேயோடு இருக்கிறார் என்று நினைத்துச் சாப்பாட்டை அடுப்பில் மூடிவைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். மறுநாள் காலை சாலை சமப்படுத்துகிற வண்டிக்காரர்தான் கண்டார். கெல்வின் நான்காவது டயரில் முதுகைச் சாய்த்து, குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டில் எங்கோ ஒரு சின்னக் கசிவு. அதனால் கம்ப்ரசர் அவ்வப்போது தானாக ஓடி, காற்று நிறைந்ததும் தானாக நின்றுகொண்டிருந்தது.

மாரடைப்பு. விமானத்தில் வந்த டாக்டர், பக்கத்தில் ஓர் ஆள் இருந்து ரேடியோவில் கூப்பிட்டிருந்தால் பாதிக்குப் பாதி பிழைத்திருப்பார் என்று சொன்னார். அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். சின்னப் பையன், உண்மையைச் சொல்லவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நாஸ்கே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

போலீஸ்காரர் வண்டியைச் சோதித்தார். அந்தச் சின்னக் கசிவைத் தவிர கம்ப்ரசரில் ஒரு குறையும் இல்லை, மூன்று டயரிலும் காற்று அளந்து வைத்ததுபோல் முப்பத்தாறு. ஊர்க்காரர்கள் இதையே நாஸ்கேயிடம் ஆறுதலாகத் திருப்பித் திருப்பிச் சொன்னோம். உன் வேலையில் ஒரு குத்தமும் இல்லை லின், மெஷின் கடைசிவரை ஓடியிருக்கு பார் என்று பப்பில் ஒருவர் தோளைத் தட்டினார். நாஸ்கே கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனவர்தான். அப்புறம் அந்தப் பப்புக்குள் அவர் காலடி வைத்து நான் பார்க்கவில்லை.

அதன்பிறகு ஊர் வண்டிகளுக்கு அவர் கம்ப்ரசர் மாட்டுவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "சாமான் வரலே" என்பார். சாமான் பெட்டி பெட்டியாக அலமாரியில் இருப்பது வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே எனக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் மாட்டுவார். அவர்களிடமும் முன்னே மாதிரி கிண்டல் கிடையாது. எத்தனை வண்டி சேர்ந்து போகிறீர்கள், கடைசியில் வருகிறவர் யார், அவருக்கு வயசு என்ன என்று கேட்பார். கடைசி ஆளுக்குக் காற்று ஏறும்வரை நிற்கவேண்டும் என்று சொல்வார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சரி சரி என்று தலையாட்டுவார்கள். ஒரு பொடியன் என் கடையில் வந்து, அந்தக் கிழவருக்கு மரை கழன்றிருக்கிறதா என்று கேட்டான். அவனுக்கு ஆறின காபியைத்தான் கொடுத்தேன்.

நாஸ்கேக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வெர்னா அவரைத் திட்டவேண்டும், அல்லது மன்னித்தேன் என்று சொல்லவேண்டும். இரண்டில் எதுவானாலும் சரி. அவள் இரண்டையும் செய்யவில்லை. சாவு வீட்டில் வரிசையில் நின்றவர்களுக்குக் கை கொடுத்ததுபோல அவருக்கும் கை கொடுத்து, "வந்ததுக்கு நன்றி, மிஸ்டர் நாஸ்கே" என்றாள். நாற்பது வருஷமாக லின் என்று கூப்பிட்டவள். அன்று சாயங்காலம் அவர் வேலியோரம் வந்து நின்று, என்னைப் பார்த்து, "மிஸ்டராம்" என்றார்.  இறைச்சிப் பை ஒன்றைச் சூடுபண்ணிக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லாமலில்லை. முகம் வெளுத்ததைப் பார்த்திருக்கிறார், கேட்டிருக்கலாம். இப்படி நினைத்த மறுநிமிஷமே, அந்தப் பீரை வாங்கிவைத்துக்கொண்டு காத்திருந்த மனிதரை நினைத்தால் கோபம் நிற்பதில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் வெர்னா ஷெட்டுக்கு வந்தாள். தபால் ஓட்டத்தை அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள்; இத்தனை நாள் ஓட்டிய மாற்று ஆள் கடற்கரைப் பக்கம் வேலை கிடைத்துப் போகிறார். கெல்வினின் வண்டியை விற்றாயிற்று. வாங்கினவர் வருமுன் அதிலிருக்கிற கம்ப்ரசரைக் கழற்றித் தன் யூட்டில், பின்னால் திறந்த தட்டு வைத்த பழைய வண்டி அது, மாட்டவேண்டும் என்றாள். நாஸ்கே வழக்கமான பதிலைத் தொடங்கினார்.

"சாமான் கொஞ்சம் வரவேண்டியிருக்கு வெர்னா."

"எல்லாம் அதுலயே இருக்கு. நீங்க மாட்டுனதுதானே."

புதிதாக ஒன்று தருகிறேன், காசு வேண்டாம், நல்ல கம்பெனி என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இதைத்தான் மாட்டவேண்டும், முடியாதென்றால் கைப்பம்பு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். அவளுக்கு வலது தோள் எழும்பாது; அது ஊருக்கே தெரியும். இரண்டு வண்டிச் சாவியையும் மேஜையில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டாள்.

ஒரு நாள் வேலையை அவர் அந்த வாரம் முழுக்கச் செய்தார். கெல்வினின் வண்டி பானட்டைத் தூக்கிவிட்டு அன்று அவர் மோந்து பார்க்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொரு திருகாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணிமேல் வரிசையாக வைத்தார். குழாய் முனையில் கிரிட்டின் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கத் துணியை எடுத்தவர், வைத்துவிட்டு வெளியே வந்து வேலியோரம் நின்றார். "திட்டியிருந்தா தேவலைங்க. பல்லு பேர ஒரு அறை விட்டிருந்தாலும் தேவலை" என்றார். நான் அவளிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கையை வேகமாக ஆட்டி வேண்டாம் என்றார்.

வெர்னாவின் யூட்டில் இடம் கிடையாது. பண்ணைகளுக்குக் கொண்டுபோகிற மருந்தை வைக்கிற குளிர்பெட்டிக்காக இரண்டாவது பாட்டரி ஒன்று எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாஸ்கே சக்கரத்தின் மேல்வளைவில் ஒரு தாங்கி கட்டி, அதில் உட்காரவைத்தார். கசிந்த பூட்டின் ரப்பர் வளையத்தை மாற்றினார். நுரை தடவினார், குமிழி இல்லை, மறுநாளும் தடவினார். அவள் உயரத்துக்குக் கை எட்டவேண்டும் என்று குழாய் மாட்டுகிற வாயை முன்கம்பியில் தாழ்வாக, இடதுகைப் பக்கம் வைத்தார். தோள் வலிக்காமல் எடுக்கலாம். அதை அவளிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

வியாழக்கிழமை காலை அவள் வந்தாள். தபால் பைகளைத் தூக்கிக்கொண்டு நானும் வேலியைச் சுற்றிப் போனேன். அவள் ஒன்றும் கேட்காமல் குனிந்து நான்கு டயரிலும் காற்றை இறக்கினாள். பிறகு ஸ்விட்சைத் தட்டினாள். கம்ப்ரசர் உறுமியது. அந்தச் சத்தத்துக்கு நாஸ்கேயின் தோள் ஒருமுறை குலுங்கியதை நான் பார்த்தேன். வெர்னா இடது கையால் குழாயை எடுத்து முதல் டயரில் மாட்டினாள். அவர் அவள் பின்னாலேயே போனார், ஒவ்வொரு டயராக, உதவுவதற்கு ஏதாவது கிடைக்காதா என்று. மூன்றாவது டயரில் தொண்டையைக் கனைத்தார்.

"வெர்னா, அன்னிக்கு நான் ஒரு அஞ்சு நிமிஷம் நின்னிருந்தா..."

அவள் அளவுமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முப்பத்தாறா, முப்பத்தெட்டா?"

அவர் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"பின்னாடி லோடு ஏறும். முப்பத்தெட்டு போடு" என்றார்.

முப்பத்தெட்டு வந்ததும் அவள் குழாயைப் பிடுங்கி அடுத்த டயருக்குப் போனாள். நான்கும் முடிந்தன. கம்ப்ரசரை அணைத்து, குழாயைச் சுருட்டி, இருக்கைக்குப் பின்னால் வைத்தாள். வேலை நன்றாக இருக்கிறது என்றாள். ரசீது வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். மணலில் இறங்குமுன் எப்படியும் மறுபடி இறக்கவேண்டிய காற்றுதான்; ஆனால் சரிபார்க்காமல் எடுத்துப்போகிறவள் இல்லை அவள்.

பைகளை நான் தட்டில் ஏற்றினேன். அவள் மருந்துப் பெட்டியைக் கட்டினாள். நாஸ்கே ஷெட்டுக்குள் போய்விட்டுத் திரும்பினார். தலையில் தொப்பி, கையில் தண்ணீர்க் கேன். கேனைத் தபால் பைகளுக்கு நடுவே வைத்தார். ஷெட் கதவைப் பூட்டினார். சுற்றி வந்து, யூட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். வெர்னா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, சாவியைப் போட்ட பிறகுதான் அவரைக் கண்டாள்.

"முதல் தடவை போறே. நான் சும்மா உக்காந்திருக்கேன், பேசமாட்டேன்" என்றார் அவர், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. "வியாழக்கிழமை எனக்கு வேலையும் கெடையாது. எல்லா வியாழனும் வரேன்."

கடைசித் தபால் பை என் கையிலேயே இருந்தது. வெர்னா இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தாள். அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவேண்டும் என்றுகூட நினைத்தேன். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் மாட்டியிருந்த பெல்ட்டின் பொத்தானை அழுத்தி விடுவித்தாள். பிறகு, எழும்பாத அந்த வலது தோளைத் திருப்பி, இடது கையை அவர் மடிக்கு மேலே நீட்டி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.